ராணிக்கு எடுத்துக் கொடுத்தவள்

இந்திரா டீச்சர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். கிள்ளான் தாமான் குடியிருப்பின் வரிசை வீடுகளைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும். ஆகவே அந்த ராணி முதன்முதலில் சுவர் வழியாகத்தான் என் காதுக்கு வந்து சேர்ந்தாள். ஒரு நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், "ஓ கிங்!" என்று ஒரு கத்தல். வீட்டில் ஏதோ விபரீதம் என்று செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

ஒரு விபரீதமும் இல்லை. ஹாலில் டீச்சர் நின்றபடி கையை நீட்டிக்கொண்டிருந்தார். தரையில் பாயைப் போட்டு, மல்லிகைக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து குமுதா பூ கட்டிக்கொண்டிருந்தாள். குமுதா, டீச்சருடைய தம்பி லோகனின் மனைவி. லோகன் போர்ட்டில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீடு அவர் பெயரில். அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை, மற்ற இருவரும் ஒரு நாளும் மறந்ததும் இல்லை.

"பரம், வாங்க. நான் ராணி ஆயிட்டேன்," என்றார் டீச்சர். ஐம்பத்தெட்டு வயதில் அப்படி ஒரு சிரிப்பை அந்த முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

பிரிக்பீல்ட்ஸில் ஜெயராஜ் என்று ஒரு வக்கீல் இங்கிலீஷ் நாடகக் குழு ஒன்றை நடத்தி வருகிறார். பழைய நாடகம் என்றால் அவருக்கு உயிர். இந்த வருடம் அவர் தோண்டி எடுத்தது நானூறு வருடப் பழசு. எழுதியவர் பெயரை இங்கிலாந்திலேயே மறந்துவிட்டார்கள் என்று பெருமையாகச் சொல்வார். ராஜா தன் மகனையே நாடு கடத்துகிறான். ராணி துறைமுகத்துக்கு ஓடிவந்து கப்பலை மறிக்கிறாள். அந்த இடத்தில் ராணிக்குப் பதினாலு வரி. அந்தப் பதினாலு வரிக்காகத்தான் நாடகமே.

டீச்சர் அந்தக் குழுவில் பதினெட்டு வருடமாக இருக்கிறார். பதினோரு நாடகம். பதினொன்றிலும் அவர் வேலை புத்தகம் பிடிப்பது. திரைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, யாருக்காவது வசனம் மறந்தால் மெதுவாக எடுத்துக் கொடுக்க வேண்டும். இந்தத் தடவை ராணியாக நடிக்க வேண்டிய அம்மாளுக்கு அம்மை போட்டது. எல்லா வசனமும் தெரிந்தவர் வேறு யார் இருக்கிறார்கள்? டீச்சர் ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

காவலாளி வேடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்று என்னையும் இழுத்துப் போட்டார். எனக்கு இரண்டு வரி. ஒன்று, கப்பல் தயார். இன்னொன்று, கப்பல் போய்விட்டது. முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் சரக்கு எண்ணிக் கணக்கெழுதிய கிராணிக்கு வேறு என்ன கொடுப்பார்கள்?

அன்றிலிருந்து டீச்சர் வீட்டில் தினமும் ஐந்து மணிக்கு ஒத்திகை. நான் கடையில் தே தாரேக் டீ கட்டி வாங்கிக்கொண்டு போவேன். குமுதா மடியில் நாடகப் பிரதியை விரித்து வைத்துக்கொண்டு ராஜாவின் வசனங்களைப் படிப்பாள், கை பாட்டுக்குப் பூவைக் கட்டும். லிட்டில் இந்தியாவில் ஒரு கடைக்கு அவள்தான் மாலை கட்டுகிறாள். நாலு பூ, ஒரு சுற்று, ஒரு முடிச்சு. பார்க்கவே வேண்டாம் அவளுக்கு.

ஒரு நாள் டீச்சர் அந்த முக்கியமான வரிக்கு வந்தார். "நோ டைட் ஒபேய்ஸ் தீ, தோ தௌ பீ கிங்!" நீ ராஜாவே ஆனாலும் அலை உனக்கு அடங்காது என்று அர்த்தம்.

குமுதாவின் விரல் நின்றது. "அக்கா, ஒரு முடிச்சு கொறையுது."

"என்ன முடிச்சு?"

"வசனத்துல வாய் ஒரு தடவ அசைஞ்சா ஒரு முடிச்சுன்னு போட்டுட்டு வரேன்க்கா. எல்லா வரியும் பத்து முடிச்சு வருது. இது ஒம்பதுல நிக்குது. ஒபேயெத்துன்னு போட்டுருக்கு. நீங்க ஒபேய்ஸ்னு சொல்லிட்டீங்க."

"எத்தோ எஸ்ஸோ, மீனிங் ஒண்ணுதான்."

"மீனிங் ஒண்ணுதான்க்கா. மால சின்னதாப் போவுதே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சருக்கு வரவில்லை. முப்பத்துநாலு வருடமாக அவர் பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் எழுதிய ஒரே எழுத்து அந்த எஸ்தான். ஹீ, ஷீ, இட் வந்தால் வினையில் எஸ் வரும் என்று கிள்ளானில் பாதிப் பேருக்குப் பிரம்பால் சொல்லிக் கொடுத்தவர். இப்போது அந்த எஸ்ஸை நாக்கிலிருந்து பிடுங்கு என்றால் வருமா?

"உனக்கு மட்டும் எப்படிம்மா இது வெளங்குது?" என்று குமுதாவைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இதுல என்னண்ணே இருக்கு? நம்ம பாசையில நான்னா வந்தேன், நீன்னா வந்தாய், அவன்னா வந்தான். வாலப் பாத்தா ஆளு தெரியும். இவங்களும் அந்தக் காலத்துல அப்படித்தான் இருந்துருக்காங்க. தௌன்னா எஸ்ட்டு, ஹீன்னா எத்து. அப்பறமாத்தான் வெள்ளக்காரன் சோம்பேறியாயிட்டான். இத ஜெஞ்சாரோம் ஸ்கூல்ல எனக்கு எவனாச்சும் சொல்லியிருந்தா எஸ்பிஎம் பரீட்சையில இங்கிலீஷ் பெயிலாயிருக்க மாட்டேன் லா."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். "சரி, சரி. ராஜாவோட லைன மட்டும் படி," என்றார். குரலில் ஒரு கீறல் இருந்தது. பொறாமை சின்னதாகத்தான் உள்ளே நுழையும், பிறகுதான் நாற்காலி கேட்கும்.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஜெயராஜுக்குக் கோர்ட்டில் வேலை அதிகம். ஒத்திகை இல்லை, அவரவர் முக்கியக் காட்சியைப் பேசிப் பதிவு செய்து வாட்ஸப் குழுவில் போடுங்கள் என்று சொல்லிவிட்டார். டீச்சர் போனை டீவி மேசையில் வைத்துப் பதினாலு வரியையும் பேசினார். நன்றாகத்தான் பேசினார், மூன்று இடத்தில் எஸ் எட்டிப் பார்த்ததைத் தவிர. பேசி முடித்ததும் அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டது. பதிவை நிறுத்தாமலே உள்ளே ஓடிவிட்டார். பிறகு வந்து, பார்க்காமல், கேட்காமல், முழுவதையும் அனுப்பிவிட்டார்.

இருபத்திரண்டு பேர் கேட்டோம். டீச்சர் முடித்த பிறகு கொஞ்ச நேரம் மழைச் சத்தம். பிறகு குமுதாவின் குரல். பூ கட்டிக்கொண்டே தனக்குத்தானே அந்தப் பதினாலு வரியையும் சொல்கிறாள். நடிக்கவில்லை, கையை நீட்டவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தும் வராத பிள்ளையை வீட்டு வாசலில் நின்று இன்னொரு தடவை கூப்பிடுகிற குரல் அது. ஒவ்வொரு வாலும் அதனதன் இடத்தில் விழுந்தது.

குழுவில் ஜெயராஜ் கேட்டார்: "கடைசியில் பேசுவது யார்?"

டீச்சரை விட்டால் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். விரல் சும்மா இருக்குமா? "எங்க பக்கத்து வீட்டு குமுதா. மாலை கட்டுபவர். டீச்சரின் தம்பி மனைவி," என்று போட்டுவிட்டேன். அதோடு விட்டேனா, கைதட்டுகிற படம் மூன்று வேறு.

மறுநாள் ஜெயராஜ் டீச்சருக்குப் போன் செய்தார். புத்தகம் பிடிக்க ஆள் இல்லை, அந்த அம்மாவைச் சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். டீச்சர் அதைக் குமுதாவிடம் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து ஜெயராஜ் என்னையே நேராகக் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"என்கிட்ட ஏன்க்கா சொல்லல?" என்று குமுதா கேட்டாள். லோகன் அப்போதுதான் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். நானும் இருந்தேன்.

"தீவாளி நேரம். உனக்குப் பூ வேல இருக்கும்."

"வேல எனக்குத்தானே இருக்கு. வர முடியுமா முடியாதான்னு நான்தானே சொல்லணும்?"

"உனக்கு அங்க என்ன தெரியும் குமுதா? எல்லாம் லாயர், டாக்டரு. இங்கிலீஷ்ல பேசுவாங்க. போய் முழிச்சிட்டு நிக்கப் போறியா?"

"முழிக்க மாட்டேன்க்கா. புத்தகத்தப் பாத்துட்டுத்தானே உக்காரப் போறேன்."

லோகன் தலையைச் சொறிந்தான். "அக்கா, ஒரு நாள் போயிட்டு வரட்டுமே. அவளுக்கும் வீட்டவிட்டா பாசாரு, பாசாரவிட்டா வீடு."

"நீ சும்மா இருடா," என்றார் டீச்சர். "புத்தகம் புடிக்கறதுன்னா என்னன்னு ஒனக்குத் தெரியுமா? நான் எப்படி ராணி ஆனேன்? புத்தகம் புடிச்சுத்தானே? நான் வந்த வழி எனக்குத் தெரியாதா?"

அவ்வளவு பச்சையாக அவரே சொல்வார் என்று யாரும் நினைக்கவில்லை. சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாகிவிட்டது. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குக் குமுதா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள், டீச்சருக்கு உயிர் அது. அதைத் தொடாமல் மாமாக் சாப்பாட்டுக் கடையிலிருந்து ரொட்டி சானாய் வாங்கிவந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார். தொடர்ந்து நாலு நாள் அதேதான். ஐந்து மணி ஒத்திகை நின்றுபோனது. டீச்சர் கண்ணாடி முன்னால் தனியாகப் பேசினார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்: ஒபேயெத், ஒபேயெத், ஒபேயெத். கொஞ்ச நேரத்தில் இன்னொரு அறையிலிருந்து குமுதா பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். அதுவும் கேட்கும்.

சனிக்கிழமை குமுதா நீலப் புடவை கட்டிக்கொண்டு என் கார்ப் பக்கத்தில் வந்து நின்றாள். டீச்சர் முன் சீட்டில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார். பெடரல் ஹைவேயில் மழை, ஜாம், சுபாங்கிலிருந்து ஊர்ந்தோம். ஒன்றரை மணி நேரப் பயணம். நான் ரேடியோவைப் போட்டேன். டீச்சர் அணைத்தார்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் ஒத்திகை. கீழே சாப்பாட்டுக் கடை, மாடிப்படி முழுவதும் சாம்பார் வாசனை. குமுதா அந்த ஸ்டூலில் உட்கார்ந்து புத்தகத்தை மடியில் விரித்தாள். அவள் கை பூ இல்லாமல் என்ன செய்வது என்று தெரியாமல் புடவை நுனியைச் சுற்றிக்கொண்டிருந்தது.

ராஜாவுக்கு ஒரு தடவை எடுத்துக் கொடுத்தாள். அவர் தலையாட்டி வாங்கிக்கொண்டார். டீச்சரின் காட்சி வந்தது. மூன்றாவது வரியில் ஒரு எஸ் விழுந்தது. "டர்னெத்," என்றாள் குமுதா, மெதுவாக. டீச்சர் திருத்திச் சொன்னார். ஏழாவது வரியில் மறுபடியும். "ப்ரேக்கெத்." டீச்சரின் கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்பதாவது வரியில் டீச்சர் மூச்சு வாங்கத்தான் நின்றார், மறக்கவில்லை. அதற்குள் குமுதா அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"போதும்!" என்றார் டீச்சர். இங்கிலீஷ் எல்லாம் பறந்துவிட்டது. "நான் மூச்சு வுடக் கூடாதா? ஜெயராஜ், அந்தப் புத்தகத்த இவகிட்டேருந்து வாங்குங்க. இல்ல, நான் எறங்கிப் போயிடுறேன். அவளையே ராணியாப் போட்டுக்குங்க."

ஜெயராஜ் இருவரையும் பார்த்தார். நாடகத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான். டீச்சர் சொல்லி நாலு பள்ளிக்கூடத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஜெயராஜ்தான் என்ன செய்வார்? குமுதாவின் பக்கம் நடந்து வந்து, "சாரிம்மா," என்றார்.

குமுதா புத்தகத்தை மூடி ஸ்டூலின்மேல் வைத்தாள். படியிறங்கினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"இரும்மா, நான் கொண்டுபோய் வுடறேன்."

"வேணாம்ண்ணே. கொமுட்டர் ரயிலு இருக்கு. நீங்க ஒங்க ரெண்டு வரியப் பேசிட்டு வாங்க." அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு குறைந்துபோனது. குமுதா வேளாவேளைக்குச் சமைத்து மேசையில் மூடி வைப்பாள். டீச்சர் சாப்பிட ஆரம்பித்திருந்தார், ஆனால் அவள் உட்காரும் நேரத்தில் உட்காரமாட்டார். லோகன் என் வீட்டு கேட் அருகில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டே சொன்னான்: "ரெண்டு பக்கமும் லோரி, நடுவுல நான் சின்ன கஞ்சில் காரு அண்ணே. எந்தப் பக்கம் ஒதுங்கறது?"

நாடகம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு. மண்டபம் நிறைந்துவிட்டது. டீச்சருக்கு ஊதா கவுன், தலையில் பித்தளை நிறத்தில் கிரீடம். பக்கத்தில் ஈட்டியோடு நான். புத்தகம் இப்போது குழுவில் ஷாமினி என்ற பெண்ணிடம் இருந்தது. ராணியின் தோழியாகவும் அவள்தான் வருகிறாள், ஆகவே நடித்துவிட்டு உள்ளே ஓடிப்போய்ப் பக்கத்தைத் தேடவேண்டும். திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் லோகனும் குமுதாவும் உட்கார்ந்திருந்தார்கள். டிக்கெட் லோகன் வாங்கியது. வரவேண்டாம் என்று டீச்சர் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

துறைமுகக் காட்சி வந்தது. டீச்சர் ஆரம்பித்தார். சொல்லித்தான் ஆகவேண்டும், அன்றைக்கு அவர் ராணிதான். கண்ணாடி முன்னால் நின்று பேசிய பேச்சு வீண் போகவில்லை. டர்னெத், ப்ரேக்கெத், எல்லாம் பிசகாமல் வந்தன. எட்டு வரி. எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஒன்பதாவது வரி அந்த அலை அடங்காத வரி. டீச்சர் கையைத் தூக்கினார், வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை.

ஒன்றுமே வரவில்லை. ஷாமினி உள்ளே பக்கத்தைப் புரட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. ராஜா என்னைப் பார்த்தார், நான் ஈட்டியைப் பார்த்தேன்.

அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"நோ டைட் ஒபேயெத் தீ, தோ தௌ பீ கிங்."

கத்தவில்லை. ஆனால் கடைசி வரிசைவரைக்கும் கேட்டிருக்கும். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் டீச்சருக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றேன். அவர் காதில் விழுந்தது எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர் கண் நேராக மூன்றாவது வரிசைக்குப் போனது. வாயருகில் வந்து நிற்கிறது வரி. வாங்கிக்கொண்டால் போதும். மீதி ஐந்து வரியும் தானாக வரும்.

டீச்சர் தாடையை இறுக்கினார். கையை இறக்கினார். என் பக்கம் திரும்பி, பதினாலாவது வரியைச் சொன்னார். நடுவில் இருந்த ஐந்தும் போயே போய்விட்டன. பதினெட்டு வருடம் ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்த வரிகளை அவரே குப்பையில் கொட்டியதை நான் ஈட்டியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு என் வசனத்தை நான் சொல்ல, திரை விழுந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? ஜெயராஜ் மட்டும் உள்ளே வந்து, "வொய், இந்திரா? வொய்?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனார்.

லோகனுக்கு ஐந்தரைக்குப் போர்ட்டில் லோட் இருந்தது. அவன் அங்கிருந்தே மோட்டார் சைக்கிளில் போய்விட்டான். இரண்டு பெண்களும் என் காரில். டீச்சர் முன்னால், முகத்தில் பவுடர் பாதி அழிந்து. குமுதா பின்னால். கார் பாந்தாய் தாண்டியது.

"நான் சொன்னது கேக்கலையாக்கா?" என்றாள் குமுதா.

"கேட்டுச்சு."

"கேட்டுமா வுட்டீங்க?"

டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார். "பதினோரு நாடகம் நான் எடுத்துக் குடுத்தேன் குமுதா. இது இந்திரா குடுத்ததுன்னு ஒரு மனுசன் சொன்னதில்ல. இன்னிக்கு நான் வாங்கியிருந்தா மண்டபமே சொல்லும், குமுதா குடுத்ததுன்னு. எனக்கு அது வேணாம். அதுக்கு நான் ஊமையா நின்னாலும் நிப்பேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "டீச்சர், நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. அந்தப் பொண்ண நீங்க அத்தன பேர் முன்னால வெரட்டுனீங்க. அதையும் மறந்துட்டு, பாவம், ஒங்களுக்கு ஒதவிதானே பண்ணா?"

"ஒதவி இல்லண்ணே," என்றாள் குமுதா பின்னாலிருந்து.

நான் கண்ணாடியில் அவளைப் பார்த்தேன்.

"அக்கா வாங்கிக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். பதினேழு வருசமா ஒரே வூட்ல இருக்கேன், தெரியாதா? தெரிஞ்சுதான் சொன்னேன். அத்தன பேரு உக்காந்துருக்காங்க. அந்த ஒரு வரிய என் வாயால ஒரே ஒரு தடவ சொல்லிடணும்னு இருந்துச்சு. அக்கா அங்க நின்னு முழிச்சப்ப எனக்குப் பாவமாவே இல்லண்ணே. சந்தோசமா இருந்துச்சு."

இத்தனை நாளும் ஒருத்தியைப் பொல்லாதவள் என்றும் இன்னொருத்தியை அப்பாவி என்றும் பிரித்து வைத்துக்கொண்டிருந்த எனக்கு இது வேண்டியதுதான். டோல் சாவடி இருந்த பழைய இடம் வந்தது, போனது. கிள்ளான் போர்டு தெரிந்ததும் டீச்சர் வாயைத் திறந்தார்.

"நல்லாத்தான் சொன்ன," என்றார் கடைசியில், பல்லைக் கடித்துக்கொண்டு. "அதான் எனக்கு வயிறு எரியுது."

குமுதா என் சீட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்து வந்தாள்.

"மொத எட்டு வரி நீங்க சொன்னப்ப," என்றாள், "எனக்கும்தான் எரிஞ்சுதுக்கா."